சாரல் எதுவரை

தென்காசியின் கீழ்க்கோடியில், ரயில் பாதையை ஒட்டி, நெசவாளர்கள் பாவு விரிக்கும் நீண்ட வெட்டவெளி ஒன்று இருந்தது. பாவடி என்பார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நூலை அங்கே நீளவாக்கில் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, ஆளுக்கு ஒரு நுனியில் நின்று நார் பிரஷால் நீவி, இழை இழையாகப் பிரித்துக் காய வைப்பார்கள். காய்ந்து நூல் விறைக்க இரண்டு மணி நேரம் பிடிக்கும். அந்த இரண்டு மணி நேரம் வானம் சும்மா இருக்க வேண்டும். ஆனி பிறந்து ஆவணி முடிகிறவரை தென்காசியில் அதற்கு யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஆனாலும் தெரு அந்த உறுதியை முகம்மது மீரானிடம் கேட்டது. அவராகத் தேடிப்போன பொறுப்பு இல்லை அது. 1931இல் ஒருநாள் காலை மலை உச்சிவரை துடைத்துவிட்டதுபோல இருந்தது. எல்லோரும் பாவு விரித்தார்கள். மீரான் மட்டும் கட்டிய பாவை அவிழ்த்துச் சுருட்டினார். ஏன் என்று பக்கத்துப் பாவுக்காரர் கேட்டதற்கு, "செங்கோட்டை ரயில் இப்பம்தான் போச்சு. பெட்டிக் கூரையெல்லாம் தண்ணி சொட்டுது. அங்கன பெய்தது இங்கன வராதுன்னு எப்படிச் சொல்ல?" என்றார். அரை மணி நேரத்தில் சாரல் வந்து ஏழு பாவையும் நனைத்தது. மறுநாள் விடியற்காலையிலிருந்து அவர் வீட்டு வாசலில் ஆள் நிற்கத் தொடங்கியது.

மீரானுக்கு அப்போது முப்பது வயது. ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். கைலி நெய்வார். அவர் பார்த்தவை கொஞ்சம்தான். மேற்கே கணவாய் எந்த நிறத்தில் இருக்கிறது, ரயில் கூரை நனைந்திருக்கிறதா, கஞ்சிப் பானையிலிருந்து எழும் ஆவி எந்தப் பக்கம் சாய்கிறது. மலையாளத்து மேகம் கணவாய்க்குள் நுழைந்தால் குற்றாலத்தில் விழும் என்பது யாருக்கும் தெரியும். இலஞ்சிவரை வரும் என்றும் சொல்லிவிடலாம். அதற்குக் கிழக்கேதான் தகராறு. சில நாள் தென்காசிப் பெரிய கோபுரத்தின் மேற்கு முகம் நனைந்து, கிழக்கு முகம் காய்ந்தபடி நிற்கும். சில நாள் ஊரையே தாண்டி ஆலங்குளம்வரை தூறிவிட்டு, பிறகு பத்து நாள் இலஞ்சியோடு திரும்பிவிடும். ஒரு தெருவில் ஒரு சிறகு வீடுகள் ஈரமாகவும், எதிர்ச் சிறகில் மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டும் இருப்பதை மீரான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார்.

பத்துக்கு ஏழு தடவை அவர் சொன்னது சரியாக வந்தது. தவறிய மூன்றுக்கும் தெருவே சமாதானம் கண்டுபிடித்தது. நாம் விரிக்கத் தாமதித்துவிட்டோம், அவர் சொன்னதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை என்று. இது அவரைக் கலங்க வைத்தது.

"அந்த மூணை ஒருத்தனும் ஞாபகம் வச்சுக்க மாட்டேங்கான்" என்று மனைவி ஷரீபுன்னிசாவிடம் சொன்னார்.

அவள் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். "வச்சுக்கிட்டா உங்களை ஏசுவானுவ. அதுவா வேணும்?"

"ஏசினா நல்லதுதான். நாளைக்கு யோசிச்சுக் கேப்பான்."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. ஆனாலும் மறுநாள் காலை ஆள் வந்து கேட்டபோது, போடலாம் என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தை சொல்லத்தான் செய்தார். கேட்பவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். அதற்கு மேல் சொன்னால் நின்று கேட்க யாருக்கும் நேரமில்லை.

பிறகு யுத்தம் வந்தது. நூல் கடையில் கிடைக்காமல் போயிற்று. நெசவாளர் சங்கத்தின் வழியாக இத்தனை குடும்பத்துக்கு இத்தனை கட்டு என்று அளந்து கொடுத்தார்கள், அதுவும் மாதக்கணக்கில் காக்க வைத்து. சாயமும் மோசம். முன்பு சீமையிலிருந்து வந்த சாயம் துவைத்தாலும் போகாது. இப்போது கிடைத்த சிவப்பு, வியர்வை பட்டாலே ஒட்டிக்கொள்ளும். ஒரு பாவு கெட்டால் இன்னொன்று எப்போது கிடைக்கும் என்று சொல்ல ஆளில்லை.

ஷரீபுன்னிசாவின் தம்பி மைதீன்பிச்சை அடுத்த தெருவில் இருந்தான். இருபத்தாறு வயது. மனைவி கதீசா, இரண்டு பெண் குழந்தைகள். 1944இல் வைகாசி, ஆனி இரண்டு மாதமும் அவன் தறி சும்மா கிடந்தது. வீட்டில் ஒருவேளைதான் அடுப்பு எரிந்தது. ஆடி பிறந்து ஒரு வாரத்தில் அவனுக்கும் பக்கத்து இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு பாவுக்கு நூல் வந்தது. சிவப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட கைலிக்கான நூல். மூன்று வீட்டுச் சோறு அந்த ஒரு பாவில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அவன் மீரான் வீட்டுக்கு வந்தான்.

"மச்சான், இன்னைக்குப் போடலாமா?"

மீரான் ஏற்கெனவே வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கணவாய் வெள்ளையாக இருந்தது. ரயில் கூரை காய்ந்திருந்தது. ஆவி நேராக எழுந்தது. மூன்றும் ஒத்துப்போகிற நாள் அந்தப் பருவத்தில் அதுவே முதல். இருந்தும் அவர் வாசலுக்கு வந்து மறுபடி மேற்கே பார்த்தார்.

"ரெண்டு நாள் பொறுத்துப் பாக்கியா பிச்சை?"

"பொறுக்கலாம் மச்சான். வீட்டுல உள்ளதுக பொறுக்கணுமே. மானம் எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

"மானம் நல்லாத்தான் இருக்கு."

"அப்பம் போடலாம்லா?"

"போடலாம்" என்றார் மீரான்.

ஏழு மணிக்குப் பாவு விரித்தார்கள். மீரானே ஒரு நுனியில் பிரஷ் பிடித்தார். கஞ்சி பாதி காய்ந்து நூல் மொடமொடக்க ஆரம்பித்தபோது அவர் பிடரியில் சில்லென்று ஏதோ பட்டது. திரும்பிப் பார்த்தார். மலை அப்படியே தெளிவாகத்தான் இருந்தது. குற்றாலத்துப் பக்கம் வெயில்கூட அடித்தது. ஆனால் தலைக்கு நேர் மேலே சாம்பல் நிறத்தில் ஒரு நீளமான மேகம், துண்டை உதறிப் போட்டதுபோலக் கிடந்தது. அது எங்கிருந்து எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

"பாய் கொண்டாங்க" என்று கத்தினார்.

பெண்கள் பாயையும் சாக்கையும் சேலையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஷரீபுன்னிசா தலையில் போட்டிருந்த முட்டாக்கை அவிழ்த்துப் பாவின் மேல் விரித்துப் பிடித்தாள். நூறு அடிக்கு மேல் நீளமுள்ள பாவை எத்தனை பாய் மூடும்? காற்று பாயைத் தூக்கியது. மூடிய இடத்தில் ஈரப்பாய் நூலோடு ஒட்டிக்கொண்டது. சாரல் கால் மணி நேரம்கூட அடிக்கவில்லை. அது நின்றபோது சிவப்பு முழுவதும் வெள்ளைக்குள் இறங்கியிருந்தது. கஞ்சி கரைந்து இழையோடு இழை ஒட்டி, பாவு ஒரு நீளமான பசைத் துணியாகத் தொங்கியது. கீழே மண்ணில் சிவப்புத் தண்ணீர் சொட்டியது.

மைதீன்பிச்சை இரண்டு இழையைப் பிரித்துப் பார்த்தான். இரண்டும் அறுந்தன. மறுபடி இரண்டை எடுத்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"நீங்க சொன்னிய, போட்டேன்" என்றான். அதில் கோபமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறவன்போலச் சொன்னான். அதைவிட அவன் அடித்திருந்தால்கூடத் தேவலை என்று மீரானுக்குத் தோன்றியது.

அதோடு முடியவில்லை. பாவு போய்விட்டது, மாற்று நூல் வேண்டும் என்று மூன்று வீட்டாரும் சங்கத்தில் எழுதிக் கொடுத்தார்கள். விசாரிக்க ஒரு நூல் இன்ஸ்பெக்டர் வந்தார். அந்த நாளில் நூலைக் கள்ளச் சந்தையில் தள்ளிவிட்டு, நனைந்தது எரிந்தது என்று கதை சொல்கிறவர்கள் பலர் இருந்தார்கள். அவர் முதலில் போனது தாலுகா கச்சேரிக்கு. அங்கே வளாகத்தில் மழை அளக்கும் பித்தளைக் குடம் புதைத்திருந்தது. தினமும் காலை எட்டு மணிக்கு அதில் விழுந்த தண்ணீரை அளந்து எழுதுவது சேவகர் குத்தாலிங்கத்தின் வேலை. அந்தச் செவ்வாயும் மறுநாள் புதனும் ஏட்டில் சுழிதான் இருந்தது. தென்காசியில் மழை இல்லை.

கச்சேரிக்கும் பாவடிக்கும் முக்கால் மைல்கூட இருக்காது.

"கவர்மெண்டு குடத்துல ஒரு சொட்டு இல்லை. உன் பாவுல மட்டும் எப்படிய்யா விழுந்தது?" என்று இன்ஸ்பெக்டர் மைதீன்பிச்சையைக் கேட்டார். கெட்டுப்போன பாவைக் காட்டினார்கள். வேண்டுமென்று தண்ணீர் ஊற்றிய பழைய நூலாகவும் இருக்கலாம் என்றார். போலீஸில் எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானமே மைதீன்பிச்சை ஊரில் இல்லை. கணவாய் தாண்டி ரப்பர் தோட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று செங்கோட்டைக்குப் போனவன் அப்படியே மலை ஏறிவிட்டான். ஓடிப்போனான் என்று தெரிந்ததும், சும்மா இருந்தவர்களுக்கும் சந்தேகம் வந்தது. இவன் நூலை விற்றுத்தான் இருப்பான் என்று தெருவிலேயே ஒருவர் சொன்னது ஷரீபுன்னிசாவின் காதில் விழுந்தது.

அவள் வீட்டுக்கு வந்து புருஷன் முன்னால் நின்றாள்.

"என் தம்பி திருடன் இல்லை."

"எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? நீங்க போடலாம்னு சொன்னதுக்கு அவன் திருடன்னு பேர் வாங்கிட்டுப் போயிருக்கான்."

அதற்குப் பிறகு பல மாதம் அவள் சோறு போட்டாள், நூல் சுற்றினாள், பேசவில்லை.

அவள் அப்படிக் கேட்டதற்கு மறுநாள் காலை மீரான் தறியில் உட்காராமல் பாவடியிலிருந்து கிழக்கே நடக்க ஆரம்பித்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை சாரல் எங்கே விழுந்தது, எங்கே விழவில்லை என்று பார்த்தவர்களை எல்லாம் கேட்டுக்கொண்டே போனார். ரயில்வே கேட்டில் இருந்த மாடக்கண்ணு, கேட்டுக்குத் தெற்கே தன் கைலி நனைந்தது என்றும், வடக்கே நின்ற வண்டிக்காரனுக்கு ஒன்றுமே படவில்லை என்றும் சொன்னார். அங்கிருந்து ஆலங்குளம் சாலையில் மேலும் ஒரு மைல் நடந்தார். களத்துமேட்டில் நெல் காயப் போட்டிருந்த ஒருவர் அன்றைக்கு நல்ல வெயில் என்று அடித்துச் சொன்னார். அடுத்த தோட்டத்துக்காரர் கிணற்றில் நீர் இறைக்கும் கமலைக் கயிறு நனைந்ததைச் சொன்னார். மனதுக்குள் கோடு போட்டுப் பார்த்தால், சாரல் ஊரைத் தொடாமல் பாவடியில் இறங்கி, ஒரு தெரு அகலத்துக்குக் கிழக்கே ஓடியிருந்தது.

ஆனால் வாய்ச்சொல்லை இன்ஸ்பெக்டர் எடுத்துக்கொள்ள மாட்டார். அந்த யோசனையோடு நடந்தவர், சாலையோரச் செங்கல் சூளையில் தண்ணீர் கேட்டு நின்றார். ஆவுடைத்தாய் என்ற பெண் அங்கே மண் மிதித்துச் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை சாரலைப் பற்றிக் கேட்டதும் அவள் கையைக் கழுவாமலே எழுந்து வந்தாள்.

"அதை ஏன் கேக்கிய சாயபு. காலையில அறுத்துப் போட்ட கல்லு. களத்துல பாதி நனைஞ்சு போச்சு. முதலாளி அதுக்குக் கூலி இல்லைன்னுட்டாரு. அந்தப் புளியமரத்துக்கு அங்கன கிடந்த கல்லுல ஒரு பொட்டு விழல."

"நனைஞ்ச கல்லை என்ன செஞ்சிய?"

"அன்னா கிடக்கு. மண்ணுல போட்டு மிதிக்கணும். இன்னும் நேரம் வாய்க்கல."

மீரான் போய்ப் பார்த்தார். பச்சைச் செங்கல்லின் முகமெல்லாம் அம்மைத் தழும்புபோல நெருக்கமாகக் குழிகள். ஒவ்வொரு குழியும் ஒரு துளி. அடுத்த வரிசையில் அதே நாள், அதே அச்சில் அறுத்த கற்கள் வழவழவென்று இருந்தன. அவர் குனிந்து அந்தக் குழிகளை விரலால் தடவினார்.

"இதுல ரெண்டு கல்லு எனக்குத் தருவியளா? அதுல ஒண்ணு, இதுல ஒண்ணு."

"எதுக்கு?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். தான் போடலாம் என்று சொன்னதையும் மறைக்கவில்லை. ஆவுடைத்தாய் கேட்டுவிட்டு, இரண்டு கல்லையும் தன் தலைத் துண்டில் வைத்துக் கட்டிக் கொடுத்தாள். "கேட்டா நானும் வந்து சொல்லுதேன். என் கூலி போனதும் அதே சாரல்லதானே" என்றாள்.

ஊருக்குள் வந்ததும் அவர் குத்தாலிங்கத்தின் வீட்டுக்குப் போனார். குத்தாலிங்கம் நாற்பது தாண்டிய சாந்தமான மனிதர். பதினைந்து வருஷமாக அந்தக் குடத்தை அளந்துகொண்டிருந்தார். செங்கற்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, உங்க ஏடு தப்புன்னு நான் சொல்ல வரல."

"தப்பில்லை சாயபு. குடத்துல தண்ணி இல்லை, சுழி போட்டேன். தினம் பட்டணத்துக்குத் தந்தி போகுது. குடம் ஒரு சாண் அகலம். அந்த ஒரு சாணுல விழாட்டா ஊருக்கே விழலன்னு ஆயிருது." கல்லைக் கீழே வைத்தார். "பட்டணத்துல இருந்து மலையாளக் கரையில மழைன்னு பேப்பர்ல போடுதான். அது எங்க வந்து நிக்கும்னு அவனுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்னு உங்க தெருவுல நினைச்சுட்டாங்க."

"நானும் கொஞ்சம் அப்படி நினைச்சுட்டேன் அண்ணாச்சி" என்றார் மீரான்.

விசாரணை கச்சேரி வராந்தாவில், தாசில்தார் முன்னிலையில் நடந்தது. இன்ஸ்பெக்டர் இரண்டு கல்லையும் மேஜையில் வைத்துப் பார்த்தார்.

"இது அன்னைக்கு அறுத்த கல்லுதான்னு எப்படி நம்புறது?"

ஆவுடைத்தாய் முன்னால் வந்து சொன்னாள். அவள் மண் அப்பிய கையோடு வந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் அவளைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அப்போது கதவோரம் நின்ற குத்தாலிங்கம் ஒரு அடி முன்னால் வந்தார். அதிகாரிகள் பேசும்போது சேவகன் வாய் திறப்பது அந்தக் கச்சேரியில் வழக்கமில்லை.

"ஐயா, அந்தச் சுழி நான் எழுதினது. அது உண்மை. ஆனா அது இந்தக் குடத்துக்கு மட்டும்தான் உண்மை. கீழ்க்கோடியில மழை இல்லைன்னு நான் எழுதல. அங்கன குடம் கிடையாது."

தாசில்தார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று மாலை அவரும் இன்ஸ்பெக்டரும் வண்டி கட்டிச் சூளைக்கே போய்க் களத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். போலீஸ் பேச்சு அதோடு நின்றது. நூல் விற்றதாகச் சொல்ல ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். ஆனால் நனைந்த நூலுக்கு மாற்று கொடுக்க விதி இல்லை. அடுத்த பங்கீடு வரும்போது மூன்று வீட்டுக்கும் சேர்த்து அரைப் பாவு தருவதாகச் சொன்னார்கள். அது புரட்டாசியில்தான் வந்தது.

மைதீன்பிச்சை இல்லாத வீட்டில் அந்த நூலை நெய்ய ஆளில்லை. மீரான் தன் தறியில் காலையில் உட்கார்ந்து எழுந்து, சாப்பிட்டுவிட்டு, பிற்பகலில் மச்சினன் வீட்டுக் குழித்தறியில் இறங்குவார். கதீசா ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றி வைத்திருப்பாள். அவளும் அவரிடம் அதிகம் பேசவில்லை. நெய்த துணியை மடித்து வாங்கிக்கொள்வாள். ஒருநாள் மட்டும் கேட்டாள்.

"மலைக்கு அந்தப் பக்கம் எப்பமும் மழைதானா மாமா?"

"அங்கன விழுந்ததுல மிச்சம்தான் நமக்கு வருது" என்றார். பிறகு, அதைச் சொல்லியிருக்க வேண்டாமே என்று நினைத்தார். தோட்டத்துக் குளிர்க்காய்ச்சலைப் பற்றி எல்லோருக்கும் தெரியும்.

வழக்கு இல்லை என்று எழுதிப் போட்ட கடிதம் தோட்டம் தோட்டமாகச் சுற்றி மைதீன்பிச்சைக்கு மாசியில்தான் கிடைத்தது. பங்குனியில் அவன் வந்து இறங்கினான். கன்னம் ஒட்டி, வயிறு உப்பி, மூன்று நாளுக்கு ஒருமுறை நடுங்கினான். ஷரீபுன்னிசா ரயிலடிக்குப் போய் அவனைத் தாங்கிக் கூட்டி வந்தாள். அன்றைக்குத்தான் வீட்டில் அவள் புருஷனிடம் முகம் பார்த்துப் பேசினாள். "காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை ஆஸ்பத்திரியில இருக்கான்னு கேட்டுட்டு வாங்க" என்றாள்.

அடுத்த ஆனியில் தெரு மறுபடியும் மீரான் வாசலில் வந்து நின்றது. அவர் இனி சொல்ல மாட்டேன் என்று மறுத்துப் பார்த்தார். யாரும் போகவில்லை. கடைசியில் தான் கண்டதை மட்டும் சொல்ல ஆரம்பித்தார். கணவாய் இப்படி, காற்று இப்படி, போன வருஷம் இதே மாதிரி இருந்த நாளில் பத்துக்கு மூன்று தவறியது. போடுவதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. பலருக்கு இது பிடிக்கவில்லை. மீரானுக்குப் பயம் வந்துவிட்டது என்றார்கள். சிலர் அவரைக் கேட்பதையே விட்டார்கள். அவர் சொன்ன யோசனையின்படி நாலு பேர் மட்டும் சேர்ந்து, பாவைப் பாதிப் பாதியாகக் கஞ்சி போடத் தொடங்கினார்கள். வேலை இரட்டிப்பு. கெட்டால் பாதியோடு போகும்.

மைதீன்பிச்சை அந்த நாலு பேரில் இல்லை. உடம்பு ஓரளவு தேறியதும் அவன் முழுப் பாவாகவே விரித்தான். மச்சானோடு குழந்தைகளைப் பற்றி, அரிசியைப் பற்றி, தோட்டத்து அட்டைகளைப் பற்றி எல்லாம் பேசினான். வானத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீரானும் சொல்லவில்லை. ஆவணியில் ஒருநாள் காலை அவன் தனியாகப் பாவு கட்டிக்கொண்டிருந்தபோது மேற்கே கொஞ்சம் மங்கலாக இருந்தது. மீரான் சற்று நேரம் தள்ளி நின்று பார்த்தார். பிறகு கிட்டே போய், மறு நுனியில் கிடந்த பிரஷை எடுத்துக் கஞ்சியில் தோய்த்தார். இருவரும் எதிரெதிரே நடந்து நூலை நீவினார்கள். மைதீன்பிச்சை நிமிர்ந்து பார்க்கவில்லை, கொஞ்சம் வேகமாக நடந்தான். மீரானும் அந்த வேகத்துக்கு நடந்தார்.